காதல் நாவல்களில் தப்பெண்ணம்

1

சென்ற கோடையில் நாற்பத்தொரு காதல் நாவல்கள் படித்தேன். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். எழுபதுகளின் கடைசியில், இதைப் போன்ற ஒரு சிறு பத்திரிகையில், மாத நாவல்களைப் பற்றி நான்கு வரி எழுதியவன் நான். அடுக்களைக்கும் படுக்கைக்கும் நடுவே பெண்கள் போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரை என்று எழுதினேன். நண்பர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். எத்தனை நாவல் படித்துவிட்டு இதைச் சொல்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றரை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. என் மனைவி இறந்து நான்கு வருஷமாகிறது. கல்லூரி விடுமுறைக்கு வத்தலக்குண்டு வந்த தம்பி மகள் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினாள். பழைய பட்டுப் புடவை ஏதாவது இருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. உள்ளே ராணி முத்து இதழ்கள், வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள், ரமணிசந்திரன், லக்ஷ்மி, அநுத்தமா, நா. பார்த்தசாரதி. எல்லாவற்றுக்கும் அடியில் சி.சு. செல்லப்பாவின் 'ஜீவனாம்சம்'. அது என் அலமாரியிலிருந்து எப்போதோ காணாமல் போன பிரதி. எடுத்துப் போனது ஒரு நண்பர்தான் என்று பல வருஷம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றில் அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.

அவள் இவற்றைப் படித்து நான் பார்த்ததில்லை. நான் வெளியே போயிருக்கும்போது படித்திருக்கிறாள். ஒளித்துப் படித்ததற்கு அந்த நான்கு வரிகள் காரணமாக இருக்கலாம். அந்தப் பத்திரிகையும் வீட்டில்தான் கிடந்தது.

எல்லாப் புத்தகங்களிலும் பென்சில் கோடுகள். கடைசிப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ வரியில் அபிப்பிராயம். பால் கணக்கு எழுதும் அதே கையெழுத்து. நான் முதலில் குறிப்புகளை மட்டும் படித்தேன். பிறகு அவை சரிதானா என்று பார்ப்பதற்காக நாவல்களைப் படித்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. ஒரு விமர்சகனுடன் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் விமர்சகியாக ஆனாள் என்று இதை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் குறிப்புகளில் என் பாதிப்பு எதுவும் இல்லை. என் சொற்களில் ஒன்றுகூட இல்லை.

2

வகையை முதலில் பார்த்துவிடலாம். 1969இல் ராணி முத்து தொடங்கியபோது மாதம் ஒரு முழு நாவல் என்பது பஸ் நிலையக் கடையில் வாழைப்பழத்தோடும் வார இதழோடும் வாங்கும் பண்டமாயிற்று. அதற்கு முன் தொடர்கதைக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வாசகிக்கு இப்போது ஒரே மத்தியானத்தில் ஆரம்பமும் முடிவும் கிடைத்தது. இந்த ஒரு மத்தியானம் என்கிற அளவுக்குள்தான் நூற்றுக்கும் மேற்பட்ட ரமணிசந்திரன் நாவல்களின் உருவம் அமைந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேர், இன்று கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்கள் உட்பட, அந்த உருவத்தைத்தான் வைத்துப் பிழைக்கிறார்கள்.

பெட்டியில் இருந்தவற்றைக் கொண்டு அந்த உருவத்தைச் சொல்கிறேன். ஆண் பணக்காரன், தொழிலதிபன், கோபக்காரன். பெண் நடுத்தர வர்க்கம், தன்மானமுள்ளவள், தாயோ தகப்பனோ இல்லாதவள். ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தில் கல்யாணம் முதலில் நடந்துவிடுகிறது. காதல் பிறகு வருகிறது. வந்த காதலை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மறைக்கிறார்கள். நடுவில் ஒரு தப்பெண்ணம். அதை உண்டாக்க ஒரு அத்தை மகளோ பழைய சிநேகிதியோ வேண்டியிருக்கிறாள். கடைசியில் உண்மை தெரிகிறது. அவன் மன்னிப்புக் கேட்கிறான். முற்றும்.

இதை யந்திரத்தனம் என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். எந்த இலக்கிய வடிவத்துக்கும் ஒரு யந்திரம் உண்டு. துப்பறியும் கதைக்குப் பிணம், காவியத்துக்கு யுத்தம். கேட்க வேண்டிய கேள்வி, இந்த யந்திரம் எதை அரைக்கிறது, எதை அரைக்காமல் வெளியே தள்ளுகிறது என்பதுதான்.

என் மனைவி ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: 'ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் முப்பது பக்கத்தில் முடிந்திருக்கும்.' இன்னொன்றில்: 'மில்லா மோட்டார் கம்பெனியா, கடைசிவரை சொல்லவில்லை.' இந்த இரண்டு வரிகளுக்குள் மாத நாவலைப் பற்றிய விமர்சனம் முழுவதும் அடங்கிவிடுகிறது. முதலாவது, தடையாக நிற்பது வெறும் தப்பெண்ணம், பேசினால் போய்விடுவது. இரண்டாவது, பணம் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பது இல்லை.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' இந்த வகைக்கெல்லாம் பாட்டி. பணக்காரக் கோபக்கார ஆண், தன்மானமுள்ள பெண், தப்பெண்ணம் எல்லாம் அதிலிருந்து வருகிறது. ஆனால் அதில் டார்ஸிக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுன் வருமானம் என்பது அவன் நாவலுக்குள் நுழைந்த உடனேயே அறை முழுவதும் பரவிவிடுகிறது. எலிசபெத்தின் தகப்பனாருக்கு இரண்டாயிரம், அவர் இறந்தால் வீடு பெண்களுக்குக் கிடையாது என்பதும் தெரிந்துவிடுகிறது. காதல் இந்தக் கணக்கின் மேல் நின்றுகொண்டு நடக்கிறது. அதோடு, எலிசபெத்தின் தப்பெண்ணத்துக்கு ஒரு பொய்யன் உதவினாலும், அதை நம்பியது அவளுடைய சொந்தக் கர்வம். டார்ஸியின் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் வெட்கப்படும்போது ஒரு மனசு மாறுகிறது. நம் மாத நாவலில் தகவல்தான் மாறுகிறது. அத்தை மகளின் சூழ்ச்சி வெளிப்பட்டதும் கதாநாயகியிடம் திருத்திக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை. அவள் ஆரம்பத்திலிருந்தே சரி. இதனால்தான் ஒரு நாவலை மூடியதும் அடுத்ததை எடுக்க முடிகிறது. எதுவும் நடக்கவில்லை.

3

தப்பெண்ணத்தை வைத்துக் கதை கட்டுவது தமிழ் நாவலுக்கு நேற்று வந்த வியாதி இல்லை. தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்று அதன்மேல்தான் எழுந்திருக்கிறது. அதை எழுதியவர் எங்கள் ஊர்க்காரர். 1872இல் வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமய்யர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திர'த்தை விவேக சிந்தாமணியில் எழுதத் தொடங்கிய 1893இல் அவருக்கு இருபத்தொரு வயது. இருபத்தாறில் இறந்துபோனார். இளைஞர் நாவல் என்று இப்போது இங்கிலீஷில் ஒரு தனி அலமாரி வைத்துப் புத்தகம் விற்கிறார்கள். இளைஞர்களுக்காக நடு வயதுக்காரர்கள் எழுதுகிறவைதான் அதில் அதிகம். இங்கே ஒரு இளைஞனே எழுதியிருக்கிறான்.

அதில் இரண்டு ஜோடிகள். முத்துஸ்வாமி அய்யர் கமலாம்பாள் என்று மூத்த ஜோடி. அவர்கள் மகள் லக்ஷ்மி, அவள் புருஷன் ஸ்ரீநிவாசன் என்று இளைய ஜோடி. இளையவர்களுக்குப் பால்ய விவாகம். கல்யாணம் முதலில், காதல் பிறகு என்கிற வரிசை ரமணிசந்திரனுக்கு முன்னாலேயே, உத்தியாக இல்லாமல், சமூக வழக்கமாகவே இங்கே இருக்கிறது. அந்த இருவர் பழகும் பகுதிகளில் கேலியும் கூச்சமும் இருக்கிற அளவு பிற்காலக் காதல் நாவல்களில் கிடையாது.

ஆனால் நாவலின் தலைப்பே சொல்வது அபவாதத்தை. மனைவியைப் பற்றிய அவதூறைப் புருஷன் நம்பிவிடுகிறான். வீட்டை விட்டுப் போகிறான். இதே சம்பவத்தை ஒரு மாத நாவலில் வைத்தால் ஒரு வில்லியைத் தேட வேண்டும். ராஜமய்யருக்கு ஊரே போதுமாக இருந்தது. சிறுகுளம் என்கிற கிராமத்தின் பேச்சு, பொறாமை, வேலையில்லாத வாய்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் பொய்யை உற்பத்தி செய்கின்றன. அவதூறு ஒரு ஆளின் சதியாக இல்லாமல் ஒரு ஊரின் பழக்கமாக இருக்கிறது. வில்லியைத் தண்டிக்கலாம். பழக்கத்தை என்ன செய்வது? அவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் பிற்பகுதியில் வேதாந்தத்துக்குப் போய்விடுகிறார். பிற்பகுதி நாவலைக் கெடுத்துவிட்டது என்று பலரும் சொல்லியாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது வேறு மாதிரி படுகிறது. ஊரின் வாயிலிருந்து தப்பிக்க அந்த வயதுக்கு, அந்தக் காலத்தில், அவர் கண்டுபிடித்த ஒரே வாசல் அது. மாத நாவல் கண்டுபிடித்த வாசல் மன்னிப்பு. இரண்டும் ஊரை அப்படியே விட்டுவிட்டுத்தான் முடிகின்றன.

அடுத்தது நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்'. மணிவண்ணன் என்ற பெயரில் அவர் அதைக் கல்கியில் எழுதியபோது தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளில் பலர் அரவிந்தன்களும் பூரணிகளும் ஆனார்கள். நம்மவர்கள் அதை லட்சியப் பாசாங்கு என்று தள்ளினார்கள். தள்ளியதில் தவறில்லை. ஆனாலும் மாத நாவலோடு சேர்த்துத் தள்ளியது தவறு. அரவிந்தன் அச்சகத்தில் வேலை செய்கிறான். பூரணிக்கு வாடகை, தம்பிகளின் படிப்பு என்று கவலைகள் உண்டு. மதுரை ஒரு ஊராக அதில் இருக்கிறது. காதலை மட்டும் மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார் ஆசிரியர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் பூ என்று தலைப்பு வைத்த பிறகு தினமும் பூக்கிற எதையும் அவரால் காட்ட முடியாமல் போயிற்று. அரவிந்தன் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோகிறான். என் மனைவியின் குறிப்பு: 'கல்யாணம் ஆவதற்குள் செத்துப்போனதால் நல்லவனாகவே இருந்துவிட்டான்.'

இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

குறிஞ்சி பூக்கும் கொடைக்கானலுக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் பஸ் போகிறது. பெட்டியில் இருந்த நாவல்களில் பாதிக்கு மேல் யாராவது கொடைக்கானலுக்குப் போகிறார்கள். தேனிலவுக்கு, மனஸ்தாபத்துக்கு, மறதிக்கு. மதுரையிலிருந்து கார் புறப்படுகிறது, அடுத்த பாராவில் பனி. நடுவில் வெற்றிலைக் கொடிக்கால்களும், பஸ் மாறுகிறவர்கள் டீ குடிக்கும் கடைகளும் உள்ள ஒரு ஊர் இருக்கிறது என்று எந்தக் கதாநாயகியும் கண்ணாடி வழியாகப் பார்த்ததில்லை. ஊர் அபிமானத்தில் இதைச் சொல்லவில்லை. காதல் மலைமேல்தான் நடக்கும், சமவெளியில் கல்யாணந்தான் நடக்கும் என்கிற ஏற்பாடு இந்த நாவல்களுக்கு அவசியமாயிருக்கிறது. மலைக்குப் போனால் சாதி தெரியாது, அக்கம்பக்கம் தெரியாது. இறங்கி வந்தால் தெரிந்துவிடும்.

4

ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிப் போடுகிறேன். தப்பெண்ணமே இல்லாத காதல் நாவல் தமிழில் எவை?

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' ஒன்று. யமுனா பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். அவன் விரும்புகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் மறுக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், பக்கம் பக்கமாக. பேசினால் தீராத ஒன்றுதான் அங்கே நாவலாகிறது.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' இன்னொன்று. 1977இல் வந்தது. பிலோமி சாமிதாஸை நேசிக்கிறாள், தன்னை அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். சதி இல்லை, கடிதம் மாறிப்போகவில்லை. வல்லமும் லாஞ்சியும் மோதிக்கொள்ளும் ஒரு கடற்கரையில், வீடு விற்பதும் கடலுக்குப் போவதுமான வாழ்க்கைக்கு நடுவில் இது நடக்கிறது. பிலோமி அவனை வெறுக்கவும் இல்லை, சாகவும் இல்லை. தொடர்ந்து இருக்கிறாள். ஒரு இளம் பெண் காதலில் தோற்ற பிறகும் ஒரு முழு ஆளாக மிஞ்சுவது தமிழில் எவ்வளவு அபூர்வம் என்பது அடுத்தடுத்து நாற்பது நாவல் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது, பெருமாள்முருகனின் 'பூக்குழி', 2013. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், தான் கட்டிக்கொண்ட சரோஜாவைச் சொந்த ஊருக்குக் கூட்டிவருகிறான். ஊர் கேட்பது ஒரே கேள்வி, இவள் என்ன சாதி என்பது. நாவல் சாதியின் பெயரைக் கடைசிவரை சொல்வதில்லை. மாத நாவலிலும் சாதிப் பெயர் வருவதில்லை. இரண்டு மௌனங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் அது இல்லாததுபோல் ஆசிரியர் நடந்துகொள்கிறார். மற்றதில் அது எல்லா இடத்திலும் இருப்பதால் பெயர் தேவைப்படவில்லை. குமரேசனை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. எல்லோரும் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள். புரிந்துகொண்டதனால்தான் நெருப்பு வைக்கிறார்கள்.

இது நாவல்தானே என்று சொல்கிறவர்கள் 2016 மார்ச் 13ஆம் தேதியை நினைத்துக்கொள்ளலாம். பழனிப் பக்கத்துக் கௌசல்யாவும் அவர் கல்யாணம் செய்துகொண்ட சங்கரும் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டப்பட்டார்கள். தலித் இளைஞரான சங்கர் இறந்துபோனார். இருவரும் கல்லூரியில் படிக்கும்போது காதலித்தவர்கள். பழனி எங்கள் மாவட்டம். அந்த வயதுப் பிள்ளைகள் படிக்கும் காதல் நாவல்களில் தடை என்பது ஒரு அத்தை மகளின் பொய்தான் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று எப்படி விடுவது? காதல் ஜெயிக்கும் என்று சொல்வது இந்த நாவல்களின் பொய் அல்ல, எப்போதாவது அது ஜெயிக்கவும் செய்கிறது. எதிரே நிற்பது ஒரு தவறு, விளக்கம் சொன்னால் விலகிவிடும் என்று சொல்வதுதான் பொய்.

இதுவரை நான் எழுதியது நம் தரப்பு வாதம். கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். இங்கேயே முடித்திருந்தால் அந்த நான்கு வரிகள் சரியென்றே ஆகியிருக்கும். முடிக்க முடியாமல் செய்தவை பென்சில் கோடுகள்.

5

கோடுகள் எங்கெல்லாம் விழுந்திருக்கின்றன என்று தம்பி மகள்தான் முதலில் கவனித்தாள். வர்ணனைகளில் இல்லை. தொட்டுக்கொள்ளும் இடங்களில் இல்லை. அந்த இடங்களுக்காகத்தான் பெண்கள் இதைப் படிக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நாற்பது நாவல்களிலும் கோடு விழுந்திருப்பது ஒரே மாதிரியான இடத்தில். ஆண் மன்னிப்புக் கேட்கும் இடம். சில புத்தகங்களில் அந்தப் பக்கத்தின் மூலை மடிந்து மடிந்து துணிபோல் ஆகியிருந்தது.

காதல் நாவலின் வாசகியைப் பற்றி நாம் வைத்திருக்கும் சித்திரம் இதோடு உடைகிறது. அவள் ஏமாறுகிறாள், மயங்குகிறாள் என்பது அந்தச் சித்திரம். முப்பது பக்கத்தில் முடிந்திருக்கும் என்று எழுதுகிறவள் மயங்கியவள் இல்லை. பொய் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தும், தனக்கு வேண்டிய ஒரு பொருளுக்காக, கடையில் மற்ற குப்பைகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகிறவளைப்போலப் போகிறாள். அந்தப் பொருள் வேறு எங்கும் கிடைக்கவில்லை. நம் தரப்பு நாவல்களில் ஆண்கள் ஏங்குகிறார்கள், குற்ற உணர்ச்சி கொள்கிறார்கள், தத்துவம் பேசுகிறார்கள். நேராக ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் செய்தது தப்பு என்று சொல்கிறவன் அபூர்வம். மாத நாவல் அதை மாதாமாதம் செய்துகொண்டிருந்தது. மட்டமாகச் செய்தது. ஆனால் செய்தது.

இந்தக் கண்டுபிடிப்பில் நான் நெகிழ்ந்திருந்தபோது தம்பி மகள் அதையும் உடைத்தாள். அவள் கையில் கொலீன் ஹூவர் என்ற அமெரிக்கப் பெண்மணி 2016இல் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' இருந்தது. அவள் கல்லூரியில் எல்லாப் பெண்களும் படித்திருக்கிறார்களாம். நானும் படித்தேன். லில்லி பூக்கடை வைத்திருக்கிறாள். புருஷன் ரைல் மூளை அறுவை மருத்துவன். அழகன், கெட்டிக்காரன். அடிக்கிறான். அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறான். மனமுருகித்தான் கேட்கிறான். மறுபடி அடிக்கிறான். பெண் குழந்தை பிறந்த பிறகு அவள் அவனை விட்டு விலகுகிறாள்.

"பெரியப்பா, பெரியம்மா கோடு போட்ட எடமெல்லாம் இந்தப் புஸ்தகத்துல ஆபத்தான எடம்" என்றாள் அவள்.

நாற்பத்தைந்து வருஷ விமர்சனத்தில் நான் இவ்வளவு சுருக்கமாக இரண்டு நாவல் உலகங்களை ஒப்பிட்டதில்லை. தமிழ் மாத நாவலில் மன்னிப்பு கதையை முடிக்கிறது. ஹூவரிடம் அது அடுத்த அடிக்கு முந்தின பக்கம். கைபேசியில் இன்று எழுதப்படும் தமிழ்க் காதல் கதைகள் சிலவற்றையும் அவள் எனக்குக் காட்டினாள். முரட்டுக் கதாநாயகன் அவற்றில் இன்னும் முரடனாகியிருக்கிறான். கடத்துகிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான். அவனுடைய பால்ய காலக் காயம் ஒன்று கடைசியில் சொல்லப்படுகிறது. உடனே எல்லாம் மன்னிக்கப்படுகிறது. பழைய மாத நாவலில் அவன் மன்னிப்பாவது கேட்டான். இங்கே காரணம் சொல்கிறான். இது இறக்கம்.

ஹூவரின் நாவலும் பெரிய கலை இல்லை. லில்லி வெளியே வரும்போது நல்லவனான பழைய காதலன் ஒருவன் சொந்த உணவகத்தோடு தயாராக நிற்கிறான். அவளுக்குச் சொந்தக் கடை இருக்கிறது. இது இரண்டும் இல்லாதவள் எங்கே போவாள்?

இந்தக் கேள்வியோடுதான் பெட்டியின் அடியில் கிடந்த புத்தகத்துக்கு வந்தேன். செல்லப்பாவும் இந்த ஊரில் வளர்ந்தவர். 1959இல் அவர் தொடங்கிய 'எழுத்து'வில் தொடராக வந்தது 'ஜீவனாம்சம்'. சாவித்திரி இளம் விதவை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். புக்ககத்தார்மேல் ஜீவனாம்ச வழக்கு. நாவல் முழுவதும் அவள் மனசுக்குள் நடக்கிறது. கடைசியில் அவள் மாமியார் வீட்டுக்கே திரும்பிப் போக முடிவு செய்கிறாள். தமிழில் நனவோடை உத்தியின் முக்கியமான சாதனை என்று நான் இதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒரு பெண்ணின் நெஞ்சுக்கு இத்தனை மரியாதை கொடுத்த நாவல் அதற்கு முன் இல்லை என்பதை இப்போதும் சொல்வேன். தலைப்பிலேயே பணத்தை வைத்த, அது எங்கிருந்து வரவேண்டும் என்று கேட்ட நாவலும் இதுதான். மில்லா மோட்டார் கம்பெனியா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை.

அதன் கடைசிப் பக்கத்திலும் பென்சில் இருந்தது: 'எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாள். கேட்பதற்கு ஆள் இல்லை.'

நான் உத்தி என்று எழுதியதை அவள் நிலைமை என்று படித்திருக்கிறாள். என் கட்டுரைகளில் இந்த இரண்டாவது வரி இல்லை. இருந்திருக்க வேண்டும். மாத நாவலின் கதாநாயகர்களைப்போல இப்போது நானும் கடைசி அத்தியாயத்தில் உண்மை தெரிந்துகொள்கிறேன். ஆனால் எதிரே நின்று கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. இதை இதற்குமேல் எழுதப் போவதில்லை.

6

முடிவாகச் சிலது.

அந்த நான்கு வரிகளைத் திரும்பப் பெறுகிறேன். மாத நாவல்கள் நல்ல நாவல்கள் என்று இப்போதும் நினைக்கவில்லை. பெட்டியிலிருந்த நாற்பதில் மறுபடி படிக்கத் தகுந்தவை நான்கு இருக்கலாம். என் தீர்ப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. ஆனால் படிக்காமல் சொன்ன தீர்ப்பு சரியாக இருந்தாலும் அது விமர்சனம் இல்லை. அதிலும், புத்தகத்தைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அதைப் படிக்கிறவளைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது, நம் தரப்பைப் பற்றி. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி காதலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு நாவல் கேட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது? தம்பி மகள் நேராகவே கேட்டாள். "பொண்ணு சாகாம, திரும்பிப் போகாம இருக்கிற ஒண்ணு சொல்லுங்க பெரியப்பா" என்றாள். என் அலமாரியின் முன்னால் நெடு நேரம் நின்றேன். 'கடல்புரத்தில்' எடுத்துக் கொடுத்தேன். வேறு சிலவும் இருக்கும், என் வாசிப்புக்குத் தட்டாதவை. ஆனால் நின்ற நேரம் அதிகம். நாம் காதலை விட்டுக்கொடுத்துவிட்டோம். அது வியாபாரப் பத்திரிகையின் சரக்கு, சீரியஸான எழுத்துக்குத் தனிமையும் மரணமும்தான் விஷயம் என்று ஒரு தீண்டாமை வைத்திருந்தோம். அந்த இடம் காலியாக இருக்கவில்லை. ராணி முத்து வந்தது, ரமணிசந்திரன் வந்தார், இப்போது கைபேசி வந்திருக்கிறது. ராஜமய்யர் இருபத்தொரு வயதில் தன் வயதுக்காரர்களின் காதலையும் ஊரின் வாயையும் ஒரே நாவலில் வைத்தார். நூற்றுமுப்பது வருஷத்துக்கு அப்பால் அந்த இரண்டையும் சேர்த்து எழுத யாராவது முன்வந்தால், முன்வருகிறவர் தம்பி மகளின் வயதில் இருந்தால், நல்லது. ஊரின் வாய் இன்னும் இருக்கிறது. இப்போது அதன் கையில் அரிவாளும் இருக்கிறது.

மூன்றாவது, ஒரு சின்ன விஷயம். தம்பி மகள் கல்லூரி திறந்ததும் புறப்பட்டுப் போனாள். 'கடல்புரத்தில்' பிரதியை எடுத்துப் போயிருக்கிறாள். என் மேஜையிலிருந்த பென்சிலையும் காணோம்.